புதிதாக வாங்கிய டீசல் பிக்கப்பை 20 ஆண்டு கடந்தும் ஓட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்து வந்த டீசல் பிக்கப் 15, 20 ஆண்டுகளாக உங்கள் கையிலேயே இருக்கிறது. இன்னும் 10 ஆண்டாவது அதையே ஓட்ட வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் வண்டிக்கு இப்போது வயது 23. அதே எண்ணத்தோடு வந்த பலருடைய வண்டிகளின் கீழும் படுத்து வேலை பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை தெரியும். எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறினார்கள்.

புகை வந்தால் உடனே இஞ்செக்டரைக் கழற்றுகிறார்கள். இழுவை குறைந்தால் டர்போவைச் சந்தேகிக்கிறார்கள். பழைய டீசல் எஞ்சினின் இரும்பு அவ்வளவு எளிதில் தோற்காது. அதைச் சுற்றியுள்ள ரப்பரும் வயரும் குழாயும் திரவமும்தான் முதலில் தோற்கின்றன. பிறகு எஞ்சினையும் தங்களோடு இழுத்துக்கொண்டு போகின்றன. கீழேயுள்ள வரிசை இதை மனத்தில் வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை சில. உங்கள் எஞ்சின் எண்ணுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் சரியாகப் பொருந்தும் பணிமனைக் கையேடு, டார்க் ஸ்பானர், மல்டிமீட்டர், வண்டியைத் தாங்கும் உறுதியான ஸ்டாண்டுகள், ரேடியேட்டரில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் கைப் பம்ப், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், துரு இளக்கும் எண்ணெய். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே போகாதீர்கள்.

1. முதலில் நோட்டுப் புத்தகம்

முதல் உரிமையாளருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி உண்டு. வண்டியில் எது ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும். பழைய வண்டியை வாங்கியவர் அதை ஊகிக்கத்தான் முடியும்.

ஆகவே இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். முதலாவது, இதுவரை மாற்றியவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, கிலோமீட்டர் இரண்டும் வேண்டும். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ரப்பரையும் திரவத்தையும் கெடுப்பது தூரம் அல்ல, காலம். இரண்டாவது, தொழிற்சாலையில் பொருத்தியபடியே இன்றும் இருப்பவை. இந்த இரண்டாவது பட்டியலைத்தான் யாரும் எழுதுவதில்லை. அடுத்து எது கைவிடப்போகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

எப்போது மாற்றினோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் "மாற்றவில்லை" என்றே குறியுங்கள். "போன ஆண்டுதான் மாற்றினேன்" என்று ஒருவர் சொன்ன ஃபேன் பெல்ட்டின் ரசீதைத் தேடியெடுத்தோம். அதில் இருந்த தேதிக்கு 7 ஆண்டு ஆகியிருந்தது. நினைவு எல்லோரையும் அப்படித்தான் ஏமாற்றும்.

எஞ்சின் எண், இஞ்செக்‌ஷன் பம்ப் எண், சாவி எண், பெயின்ட் குறியீடு ஆகியவற்றையும் இப்போதே எழுதிவிடுங்கள். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடிய பிறகு பம்பின் தகட்டைப் படிக்க முடியாது.

2. சேசிஸைத் தட்டிப் பாருங்கள்

எஞ்சினைத் தொடுவதற்கு முன் சேசிஸைப் பாருங்கள். எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். சேசிஸ் உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு சிறிய சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஒலி மந்தமாகும். பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் பிடிகள், கேபின் உட்காரும் ரப்பர் மேடைகள், டீசல் டேங்க்கின் மேற்புறம், கேபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் இடையிலுள்ள சந்து ஆகிய நான்கு இடங்களில்தான் சேறு தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பிரேக் குழாய்கள் கிளிப்பில் மாட்டியிருக்கும் இடத்தைக் கிளிப்பைக் கழற்றிவிட்டே பாருங்கள். வெளியே பளபளக்கும் குழாய் கிளிப்புக்கு அடியில் பாதி தேய்ந்திருக்கும்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, துருவின் மேலேயே கெட்டியான கறுப்புப் பூச்சை அடித்துவிடுவது. ஈரம் உள்ளே சிறைப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பு தொடரும். சுரண்டி, காயவைத்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்த பிறகே மேல்பூச்சு. பெட்டி வடிவச் சேசிஸின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த எண்ணெயைத் தெளிப்பானால் அடிப்பது நல்லது. அதற்கு முன் சேசிஸின் அடியிலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி இணைப்புகளையும் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் அதன் இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

3. எஞ்சின் ஆயிலிடம் கேளுங்கள்

எஞ்சினைப் பிரிக்காமல் அதன் உட்புறத்தை அறிய ஒரு வழி, ஆயிலை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஆயிலை வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். அடியில் தங்கிய கசடு முதலில் வந்து கணக்கைக் குழப்பும்.

சிலிக்கான் உயர்ந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி நுழைகிறது. சோடியமும் பொட்டாசியமும் உயர்ந்தால் கூலன்ட் கசிகிறது. டீசல் கலந்திருந்தால் இஞ்செக்டரோ பம்பின் சீலோ ஒழுகுகிறது. இரும்பு மெல்ல ஏறுவது தேய்மானம். ஒரே ஒரு அறிக்கையை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். மூன்று முறை எடுத்தால்தான் போக்கு தெரியும்.

டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குத்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அளவு கூடுவதுதான் ஆபத்து. ஆயில் தானாகப் பெருகாது. டீசலோ தண்ணீரோ உள்ளே வருகிறது. 2001 முதல் 2004 வரை ஷெவ்ரோலே, ஜிஎம்சி வண்டிகளில் வந்த எல்பி7 டியூராமேக்ஸ் எஞ்சினில் இஞ்செக்டர்கள் வால்வு மூடிக்குள் இருப்பதால், அவை ஒழுகினால் டீசல் நேராக ஆயிலில்தான் விழும்.

1994 முதல் 2003 வரை ஃபோர்டில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் இஞ்செக்டர்களை இயக்குவதே உயர் அழுத்த ஆயில்தான். ஒருமுறைக்கு 14 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் என்பதால் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். நுரைத்துக் களைத்த ஆயிலோடு ஓடும்போது எஞ்சின் தடுமாறும். குற்றம் இஞ்செக்டர் மேல் விழும்.

பழைய எஞ்சினில் "ஃப்ளஷ்" திரவம் ஊற்றிக் கழுவுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 20 ஆண்டுக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்தால் ஆயில் உறிஞ்சும் சல்லடையில்தான் போய் அடையும். நல்ல ஆயிலை வழக்கத்தில் பாதித் தூரத்துக்கே இரண்டு மூன்று முறை மாற்றினால் அதே வேலை மெதுவாக, ஆபத்தின்றி நடக்கும்.

4. குளிரூட்டும் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் முடியுங்கள்

நேரத்தையும் பணத்தையும் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். டீசல் அமைப்பில் பழுது வந்தால் வண்டி நின்றுவிடும், பிறகு சரிசெய்யலாம். எஞ்சின் அளவுமீறிக் கொதித்தால் சிலிண்டர் ஹெட் வளையும் அல்லது விரிசல் விடும். இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

என் வண்டியும் ஒருமுறை கொதித்தது, மாற்றாமல் விட்ட ஒரு குழாயால். மேல் ரேடியேட்டர் குழாயை மூன்று முறை மாற்றியிருந்தேன், கண்ணில் படுவது அதுதானே. கீழ்க் குழாய் 17 ஆண்டுகளாக அப்படியே இருந்தது. அது சப்பிப்போகாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் ஒன்று உண்டு; அது துருப்பிடித்து உடைந்துபோயிருந்தது. ஏற்றத்தில் வாட்டர் பம்ப் வேகமாக உறிஞ்சியபோது குழாய் ஒட்டிக்கொண்டது. சமவெளியில் எத்தனை முறை சோதித்தாலும் எதுவும் தெரியவில்லை. நான் சொல்லும் இரண்டாவது பட்டியல் அன்று என்னிடம் இருந்திருந்தால் அந்தக் குழாய் முதல் வரியிலேயே இருந்திருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடிக்குரிய அழுத்தத்தைக் கைப் பம்பால் கொடுத்து, 15 நிமிடம் விட்டுக் கசிவைத் தேடுங்கள். பிறகு ரேடியேட்டரில் மட்டுமன்றி எஞ்சின் பிளாக்கிலுள்ள வடிகால் திருகையும் திறந்து வடியுங்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பழைய கூலன்ட்டில் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். ஹீட்டரைத் திறந்து வைத்து, காய்ச்சி வடித்த நீரால் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

ரேடியேட்டரின் முன்னால் ஏசி கண்டென்ஸர் இருந்தால் இரண்டையும் பிரியுங்கள். இடையில் பூச்சியும் தூசியும் கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் அடியுங்கள், முன்பக்கமிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

பிறகு எல்லா ரப்பர் குழாய்களும், ஹீட்டருக்குப் போகும் சிறு குழாய்கள் உட்பட, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி. ஒன்றை மாற்றி இன்னொன்றை விடாதீர்கள். புதிய மூடி முழு அழுத்தத்தைப் பிடிக்கும்போது பழைய குழாய்தான் கிழியும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். டீசல் எஞ்சின் போதிய சூடு ஏறாமல் ஓடினால் எரிபொருள் முழுதாக எரியாது, சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலம் கழுவப்படும், ரிங்குகள் விரைவில் தேயும். கொதிப்புக்குக் காரணம் தெர்மோஸ்டாட் என்றால் புதிதாகப் போடுங்கள். வேறு காரணம் என்றால் அதைக் கழற்றுவது நோயை மறைக்கும் வேலை.

கூலன்ட் வகையைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். கனமான டீசல் எஞ்சின்களில் ஒவ்வொரு வெடிப்பின்போதும் சிலிண்டர் சுவர் நுட்பமாக அதிர்கிறது. அதன் வெளிப்புறத்தில் கூலன்ட்டில் நுண்குமிழ்கள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் இரும்பில் ஊசிமுனையளவு குழி பறிக்கும். ஆண்டுகள் போனால் சுவர் ஓட்டையாகும். இதைத் தடுக்கத்தான் நைட்ரைட் போன்ற சேர்மானங்களைக் கூலன்ட்டில் கலக்கிறார்கள். அவை சுவரில் ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. மேலே சொன்ன 7.3 லிட்டர் எஞ்சினுக்கும் அதற்கு முந்தைய 6.9, 7.3 லிட்டர் எஞ்சின்களுக்கும் இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. சோதனைத் தாள் கொண்டு அளவு பாருங்கள். குறைந்தால் சேருங்கள், அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள். மிகுதியானால் படிவமாகி அடைத்துக்கொள்ளும். கையேடு சொல்லும் வகையைத் தவிர வேறு வகையைக் கலக்கவும் வேண்டாம்.

நிரப்பும்போது வண்டியின் மூக்கு உயர்ந்திருக்கட்டும், ஹீட்டர் திறந்திருக்கட்டும். உள்ளே காற்று தங்கினால் வெப்பமானியின் உணரி கூலன்ட்டில் நனையாமல் காற்றில் நிற்கும். எஞ்சின் கொதிக்கும்போதும் முள் கீழேயே இருக்கும். பல வண்டிகளில் முள் நடுவில் ஒட்டிக்கொண்டு, நிலைமை மிஞ்சிய பிறகே நகரும்படி அமைத்திருக்கிறார்கள். தனியாக ஒரு வெப்பமானி பொருத்திக்கொள்வது வீண் செலவு அல்ல.

5. டைமிங்: பெல்ட்டா, செயினா, கியரா?

வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும்படி கிராங்க்கையும் கேம் தண்டையும் இணைப்பது உங்கள் எஞ்சினில் எது என்று கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டர் முடியாவிட்டாலும் காலம் முடிந்திருக்கலாம்.

மிட்சுபிஷி 4டி56 எஞ்சினில் இரண்டு பெல்ட்டுகள் உண்டு. அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கான சிறிய பெல்ட் அறுந்து, பெரிய டைமிங் பெல்ட்டுக்குள் விழுந்து அதையும் அறுத்துவிடும். பெரியதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். இரண்டு பெல்ட்டுகளும் அவற்றின் டென்ஷனர்களும் ஒன்றாக மாற வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 1கேடி, 2கேடி எஞ்சின்களில் டைமிங் பெல்ட் விளக்கு எரியும். அது வெறும் தூரக் கணக்குதான், பெல்ட்டின் நிலையைப் பார்த்துச் சொல்வதில்லை. யாராவது ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு பெல்ட்டை மாற்றாமல் விட்டிருந்தால் விளக்கை நம்பிப் பயனில்லை.

கியர் என்றால் மாற்ற ஒன்றுமில்லை என்று நினைக்கலாம். 1989 முதல் டாட்ஜ் ராம் வண்டிகளில் வந்த 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ் எஞ்சினில் கியர் உறையை நிலைநிறுத்தும் சிறிய எஃகு முளை ஒன்று உண்டு. அதிர்வில் மெல்ல வெளியே நகர்ந்து கியர்களுக்கிடையே விழுந்தால் உறை உடையும், எஞ்சினே போகலாம். முன் மூடியைக் கழற்றி, பக்கத்துப் போல்ட்டின் கீழ் ஒரு தகட்டை வைத்து முளையை மறித்துவிட்டால் போதும். முன்பக்க ஆயில் சீல் மாற்றும் நாளில் இதையும் முடித்துவிடுங்கள்.

எந்த வகையானாலும், எல்லாம் பூட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடாமல் கிராங்க்கை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது தட்டினால் நிறுத்துங்கள். பெல்ட் என்றால், இரண்டு சுற்று முடிந்ததும் இஞ்செக்‌ஷன் பம்பின் குறி உட்பட எல்லாக் குறிகளும் மறுபடி சேர வேண்டும்.

6. டீசலுக்கு முன் காற்று

கறும்புகை என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு. காற்றைச் சோதிப்பது எளிது, செலவு குறைவு. ஆகவே அதை முதலில் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி திறக்காதீர்கள், அழுத்தக் காற்றால் ஊதாதீர்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மாற்றும் நாள் வந்தால் மாற்றுங்கள்.

ஃபில்டரைவிட அதற்குப் பின்னால் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்தான் எனக்குக் கவலை. அதன் மடிப்புகளில் வெடிப்பு இருந்தால் வடிகட்டாத தூசி நேரே எஞ்சினுக்குள் போகும். கையால் வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். டர்போவைத் தாண்டிய குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவி, குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்தால் கசிவு குமிழாகத் தெரியும். டர்போ தண்டு பக்கவாட்டில் மிகச் சிறிதளவு ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ இறக்கை உறையில் உரசினாலோதான் அதன் காலம் முடிந்தது.

7. டீசல் வழி: டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் வழியின் கடைசியிலுள்ள இஞ்செக்டரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறார்கள். அதுதான் அதிகச் செலவு பிடிக்கும் பாகம். மேலும், முன்னால் அழுக்கும் காற்றும் வந்துகொண்டிருந்தால் புதிய இஞ்செக்டரும் கெடும். டேங்க், குழாய், ஊட்டும் பம்ப், ஃபில்டர், இஞ்செக்‌ஷன் பம்ப், இஞ்செக்டர் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

டேங்க்கின் அடியில் தண்ணீர் நின்றால், தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வழுவழுப்பான கசடாகும். ஃபில்டர் அடிக்கடி கறுப்பாக அடைத்தால் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள். ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

காலையில் நெடுநேரம் சுழன்ற பிறகே எஞ்சின் பிடிக்கிறதா? இரவில் எங்கோ காற்று நுழைந்து டீசல் டேங்க்குக்குத் திரும்பியிருக்கலாம். பம்புக்கு முன் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி ஓடவிட்டுப் பாருங்கள். குமிழ்கள் ஓடினால் அதற்கு முந்தைய இணைப்புகளில் எங்கோ ஓட்டை இருக்கிறது. டீசல் வெளியே ஒழுகாத இடத்திலும் காற்று உள்ளே போகும். உறிஞ்சும் பக்கம் என்பதால் நனைந்த தடம் இருக்காது. 10 பேரில் 8 பேருக்குக் காரணம் ஃபில்டர் தலையின் பழைய வளையமாகவோ, திரும்பும் சிறு ரப்பர் குழாயாகவோ இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

பம்பின் சீல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2006-இல் கந்தகம் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்ட டீசல் வந்தது. மற்ற நாடுகளிலும் கந்தகம் படிப்படியாகக் குறைந்தது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் சேர்க்கையும் மாறுகிறது. பழைய டீசலில் ஊறிப் பருத்திருந்த ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கி ஒழுகத் தொடங்கின. உங்கள் பம்ப் ஒழுகினால் உடனே வேறு பம்ப் வாங்காதீர்கள். இன்றைய டீசலுக்கேற்ற ரப்பரில் வரும் சீல் தொகுதியை மாற்றினாலே பெரும்பாலும் போதும். தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் கலவைக்கு மாறினால் பழைய கசடு கரைந்து வரும். முதல் சில நிரப்பல்களுக்கு மாற்று ஃபில்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

டாட்ஜ் ராமில் 1998-இன் நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு கம்மின்ஸில் விபி44 என்ற பம்ப் இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் வழுக்கச் செய்வதும் அதன் வழியே ஓடும் டீசல்தான். ஊட்டும் பம்ப் சோர்ந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், விபி44 உள்ளுக்குள் அழியும். ஓட்டுநர் பார்வையில் டீசல் அழுத்தமானி ஒன்றை வைத்துக்கொள்வதுதான் காவல்.

இஞ்செக்டரைக் கழற்றினால் செம்பு வாஷரை மறுபடி பயன்படுத்தாதீர்கள், உட்காருமிடத்தைச் சுத்தம் செய்யாமல் பூட்டாதீர்கள். 1கேடி எஞ்சினில் அந்த இடம் கசிந்தால் எரிந்த வாயு ஆயில் பக்கம் போய்க் கரியாகப் படியும். அந்தக் கரி ஆயில் சல்லடையை அடைத்துவிடும். சிறிய வாஷர் ஒன்றுக்காக எஞ்சினையே இழக்க நேரும். ஆயில் ஊற்றும் வாயில் கெட்டியான கரி தெரிந்தால் அடிச்சட்டியைக் கழற்றிச் சல்லடையைப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. எஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர் குழாய் நட்டைச் சற்றே தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினுக்கான பழைய முறை. எல்லா இஞ்செக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

8. ஸ்டார்ட் ஆகும் மின்சாரம்

இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். பழையது புதியதையும் இழுத்து வீணாக்கும்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன், ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தரை இணைப்புக் கேபிள்தான் பழுது.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடேற்றும் குளோ பிளக்குகளை எஞ்சின் சூடாக இருக்கும்போது, முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகக் கழற்றுங்கள். ஹெட்டுக்குள் முறிந்தால் பெரிய வேலை. குளோ பிளக்கோ சூடேற்றும் கம்பியோ உள்ள எஞ்சினில் ஈதர் தெளிப்பானை அடிக்கவே வேண்டாம். உள்ளேயே தீப்பற்றி வெடிக்கும்.

இந்தத் தலைமுறை எஞ்சின்களில் ஓடும்போதே நின்றுவிடுவதற்குப் பெயர்போன சில பாகங்கள் உண்டு. 7.3 பவர் ஸ்ட்ரோக்கில் கேம் நிலையை அறியும் உணரி. ஒன்றைக் கையுறைப் பெட்டியிலேயே அதற்கான ஸ்பானரோடு வைத்திருங்கள். ஜிஎம் 6.5 லிட்டர் டீசலில் இஞ்செக்‌ஷன் பம்பின் மேலேயே உட்கார்ந்து வெந்துபோகும் எலக்ட்ரானிக் இயக்கி. அதை எஞ்சினிலிருந்து விலக்கி, காற்றுபடும் இடத்துக்கு மாற்றுவதே தீர்வு.

9. பிரேக்கும் ஓடும் பாகங்களும்

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் வெற்றிடம் தானாகக் கிடைக்காது. பல பிக்கப்களில் பிரேக்குக்கான வெற்றிடப் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருக்கும். பிரேக் மிதி கல்லாகிவிட்டால் முதலில் அதையும் அதன் ரப்பர் குழாயையும் பாருங்கள். ஆல்டர்னேட்டரை மலிவாக மாற்றும்போது பம்ப் இல்லாத ஒன்றை வாங்கி வந்தவர்களும் உண்டு.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 2 ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். சக்கரத்துக்குப் போகும் வளையும் குழாய் உட்புறம் வீங்கினால் மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். பின் ஆக்சிலின் மேலே சுமையைப் பொறுத்து அழுத்தத்தை மாற்றும் வால்வு இருந்தால் அதன் நெம்புகோல் அசைகிறதா என்று பாருங்கள். 20 ஆண்டில் அது பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்களுக்கு நான்கு முனையிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். டயரின் பக்கவாட்டிலுள்ள கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டை தேயவில்லை என்பதற்காக 10 ஆண்டு டயரில் சுமை ஏற்றாதீர்கள்.

10. ஓட்டும் விதம், நிறுத்தும் விதம்

குளிர்ந்த எஞ்சினை நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டுச் சூடாக்க வேண்டாம். ஆயில் அழுத்தம் ஏறியதும் மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். சுமையில்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எரிபொருள் தங்கி, சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழுக்கும்; ரிங்குகள் பிடிமானம் இழக்கும். வாரம் ஒருமுறையாவது முழுச் சூட்டில் ஏற்றமோ சுமையோ கொடுத்து ஓட்டுங்கள்.

ஏற்றத்திலோ சுமையோடோ வந்து நின்றால் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள், டர்போவின் தண்டிலுள்ள ஆயில் கருகாது. மெதுவாக ஓட்டி வந்த நாளில் அது தேவையில்லை.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கை நிரப்பிவிடுங்கள், ஈரம் படிய இடமிருக்காது. இடையிடையே 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிடத் தொடாமல் விடுவது மேல். அந்த 5 நிமிடம் ஆயிலில் தண்ணீரை மட்டும் சேர்க்கும்.

11. எந்த உதிரியைச் சேர்த்து வைப்பது

எஞ்சின் பாகங்கள் கிடைக்காமல் போகும் என்று பயந்து பிஸ்டனும் பேரிங்கும் வாங்கி வைக்கிறார்கள். அவை நெடுங்காலம் கிடைக்கும். அதே எஞ்சின் குடும்பம் இயந்திரங்களிலும் ஜெனரேட்டர்களிலும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் காணாமல் போவது கதவின் ரப்பர், கண்ணாடி ஏற்றும் பொறி, டேஷ்போர்டு சுவிட்ச், விளக்கின் உறை, இந்த மாடலுக்கென்றே செய்த வயர் இணைப்பிகள். கண்ணாடியும் உலோகமும் மின் சுவிட்ச்சும் பெட்டியில் காத்திருக்கும், அவற்றை வாங்கி வையுங்கள். பெல்ட்டையும் குழாயையும் சீலையும் பல ஆண்டுக்குச் சேர்க்காதீர்கள். அவை பெட்டியிலேயே முதுமையடையும்.

12. எஞ்சினைத் திறக்கலாமா?

கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே உள்ளவற்றை முடித்தவர்களில் பலருக்கு இந்தப் படி தேவைப்படவே இல்லை. காலையில் வெண்புகை வந்து, அரை நிமிடத்தில் நின்றால் குளோ பிளக்கையோ பம்ப் டைமிங்கையோ பாருங்கள். அதற்காக எஞ்சினைப் பிரித்தவர்களைக் கண்டிருக்கிறேன், பிரித்துப் பூட்டிய பிறகும் அதே புகை வந்தது.

ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திருப்பி வாயின் மேல் வையுங்கள். சற்று ஆடினால் பரவாயில்லை. தூக்கியெறியப்பட்டால் ரிங்குகளைத் தாண்டி வாயு வருகிறது. பிறகு கம்ப்ரஷன் சோதனை. பெட்ரோல் எஞ்சினுக்கான மானி தாங்காது, டீசலுக்கென்றே உள்ளதைப் பயன்படுத்துங்கள். கிடைக்கும் எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடுதான் முக்கியம். எல்லாம் ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தால் இன்னும் பல ஆண்டு ஓடும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

திறந்தே ஆக வேண்டியிருந்தால் ஹெட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தலாமா, கூடாதா என்று கையேட்டில் பாருங்கள். பூட்டிய எஞ்சினின் முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டருக்குள் வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஆயிலிலிருந்து ஒரு மாதிரியை ஆய்வுக்கு அனுப்பி, அந்த எண்களை நோட்டுப் புத்தகத்தின் புதிய பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு மாதிரியையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.